‘இருந்திருந்தால்’ என்று சொல்லாத வீடு

அன்று காலையிலிருந்தே கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வவுனியாவில் ஆனி, ஆடி மாதங்களில் வீசுகிற இந்தக் காற்றுக்கு ஈரம் கிடையாது. புழுதியையும் தேக்கஞ் சருகையும் அள்ளிவந்து விறாந்தையில் கொட்டும். நான் கூட்டக் கூட்ட அது கொட்டும். உனக்கும் அதுக்கும் ஒரே குணம் என்பாள் அக்கா.

நஸ்ரீன் கதிரையின் நுனியில் இருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் இப்போதே பஸ் வந்துவிடும் போலிருந்தது. பஸ் மறுநாள் விடியத்தான். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஒரு அதிகாரி அவளிடம் கேள்விகள் கேட்பார். அவள் சொல்லும் பதில்களை வைத்து, அவளையும் கணவனையும் இரண்டு மகள்களையும் தூர நாடொன்று ஏற்பதா இல்லையா என்று முடிவாகும்.

“நீங்கள் ஊரைவிட்டு வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?” நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் கைப்பையை இன்னும் இறுக்கினாள்.

இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டேன். பிறகு உரக்கக் கேட்டேன். அவள் முற்றத்தில் உருண்டோடிய பிளாஸ்ரிக் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த ஊர், கணவனின் தொழில், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்புவித்தவள், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உதட்டில் பாலைப்பழப் பால் ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பொறுமை என்ற சாமானை என்னைப் படைக்கும்போது ஆண்டவர் எங்கேயோ மறந்துவைத்துவிட்டார். எழும்பி விறாந்தையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கத் தொடங்கினேன்.

தையல் மெசின் கொண்டுவந்த உறவு

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் ஆங்கில ஆசிரியையாக இருந்து, பென்சன் எடுத்து, விதவையான என் அக்கா திரேசாவுடன் வவுனியாவில் குடியிருப்பவள். எங்கள் சொந்த இடம் முல்லைத்தீவுக் கடற்கரை. கடலை விட்டு வந்தும் இரண்டு பேருக்கும் கருவாட்டு வாசம் இல்லாமல் சோறு இறங்காது.

நஸ்ரீனின் ஆட்கள் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பிரிவைச் சேர்ந்த முஸ்லிம்களைச் சொந்த ஊரிலேயே வாழவிடவில்லை. இலங்கைக்கு வந்து தெற்கில் ஏதோ ஒரு கடலோர ஊரில் தங்கியிருந்தவர்களை அங்கேயும் இருக்கவிடாமல் பஸ்களில் ஏற்றிக்கொண்டுவந்து வவுனியாவில் இறக்கினார்கள். முகாமுக்குள் ஆட்களை இறக்கி, பாயும் வாளியும் கொடுத்துப் பெயர் பதிவதை எங்கள் ஊர் நிறையக் கண்டிருக்கிறது. இந்த முறை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

ஒருநாள் அக்காவின் தையல் மெசின் இறுகிப்போனது. சந்தையில் யாரோ சொல்லி, ரஃபீக் என்ற மனிதர் வந்து கழற்றிப் பூட்டினார். வாய் பேசாத ஆள் என்று முதலில் நினைத்தேன். போகும்போது அலுமாரியில் இருந்த என் இலக்கணப் புத்தகங்களைக் காட்டி, பிறகு முகாம் இருந்த பக்கம் கையைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார். மறுநாள் மனைவியைக் கூட்டிவந்துவிட்டார். அப்படித்தான் நஸ்ரீன் வந்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் விசாரணையில் அவளுக்கு மொழிபெயர்த்தவர் தொலைபேசியில் எங்கிருந்தோ பேசினாராம். அவள் “என் தம்பி” என்று சொன்ன இடத்தில் அவர் “ஒரு உறவினர்” என்று சொல்லிவிட்டார். அந்த அளவு ஆங்கிலம் அவளுக்கு விளங்கும், ஆனால் திருத்துகிற அளவு வாய் வராது. இந்த முறை இடையில் ஒருவரையும் வைத்துக்கொள்ள மாட்டேன், என் வாயால் சொல்வேன் என்பது அவள் எடுத்த முடிவு.

அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். எங்கள் இருவருக்கும் இடையில் என் ஆங்கிலமும் அவள் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிப் பழகிய தமிழும்தான். என்னை ரீச்சர் என்றாள். அக்காவை ‘பாஜி’ என்றாள். அவர்கள் பாஷையில் அதுவும் அக்காதானாம்.

யானை வந்தால் வாழை போகும்

நான் பாடம் நடத்துகிற விதம் பழைய விதம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் படிப்பித்த காலத்தில் எங்களுக்குப் புத்தகமும் இல்லை, சில தவணைகளில் கூரையும் இல்லை. ஒரு வசனத்தை நான் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாக்கு பழகினால் மூளை பின்னால் வரும் என்பது என் கட்சி. வசனங்களையும் அந்தந்த இடத்திலிருந்தே எடுப்பேன். யானை வந்தால் வாழை போகும். குளம் வற்றினால் மீன் மலியும். பஸ் வராவிட்டால் நடப்போம்.

நஸ்ரீனுக்கும் இதே வைத்தியம்தான். ‘ஆல்’ வருகிற வசனங்களைத்தான் அதிகம் உருட்டினோம், ஏனென்றால் அந்த அதிகாரிகள் கேட்பதெல்லாம் அவைதானாம். போனால் என்ன செய்வீர்கள், வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும். முகாமில் ஏற்கெனவே போய்வந்தவர்கள் கேள்விகளை ஒருவருக்கொருவர் கடத்திவிடுவார்கள்.

எங்கள் பிள்ளைகள் விடுகிற பிழைகளும் இவள் விடுகிற பிழைகளும் வேறு வேறு. உருதுவில் ‘அகர்’ என்று முதலிலேயே மணி அடித்துவிட்டு வசனத்தைத் தொடங்குகிறார்கள். பிறகு ‘மழை பெய்யும்’ என்பதுபோல எதிர்காலத்தையும் அதற்குள்ளேயே வைக்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்திலும் அவளுக்கு ‘இஃப்’ வந்த கையோடு ‘வில்’ வந்துவிடும். நான் மேசையில் தட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டு திருத்துவாள். திருத்தி முடித்து, கடைசியில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று ஒரு முடிச்சுப் போடுவாள்.

அதை விடுங்கோ, அதிகாரிக்கு விளங்காது என்றேன். நாளைக்கு நடப்பதைப் பற்றி அது இல்லாமல் எப்படிப் பேசுவது என்று உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டாள். குசினியிலிருந்து அக்கா, “அவா சொல்லுறது சரிதானே, நாங்களும் ஆண்டவருக்குச் சித்தமெண்டால் எண்டுதானே சொல்லுறனாங்கள்” என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். நான் விட்டுவிட்டேன்.

வரப்போவதைப் பற்றிய எல்லா வசனங்களையும் அவள் பிடித்துக்கொண்டாள். நடந்து முடிந்ததைப் பற்றிய ‘இருந்திருந்தால்’ வந்தபோதுதான் வண்டி நின்றது. விளங்கவில்லை என்று நினைத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். விளங்கியது. வாசிக்கச் சொன்னால் கண்ணால் வாசிப்பாள். வாயால் சொல்ல மாட்டாள்.

எங்கள் வீட்டுத் தினசரிப் பாடம்

இங்கே அக்காவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நஸ்ரீன் சொல்ல மறுத்த அந்த வசனம், எங்கள் வீட்டில் மூன்று நேரச் சாப்பாட்டோடும் பரிமாறப்படுவது. வன்னியில் எந்த வீட்டில்தான் இல்லை? தர்மபுரத்தில் ஒருவரைச் சந்தித்தால், அன்றைக்கு இந்தப் பாதையால் போயிருந்தால் என்பார். துணுக்காயில் ஒருவரைச் சந்தித்தால், ஒருநாள் முந்தி வெளிக்கிட்டிருந்தால் என்பார். கலியாண வீட்டிலும் சந்தையிலும் வைத்தியசாலையில் முறைக்குக் காத்திருக்கும் வாங்கிலிலும் இந்தக் கதைதான்.

அக்காவின் கதை எஞ்சினைப் பற்றியது. கடைசிச் சண்டைக் காலத்தில் கடற்கரையிலிருந்து எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தபோது, அவளுடைய கணவர் சூசை அத்தான் வள்ளத்து எஞ்சினை எடுத்துவரவென்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் இல்லை. நான் அப்போது வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அக்காவையும் அவளுடைய இரண்டு பெடியன்களையும் நான் பிறகு முகாமில்தான் கண்டேன்.

“அந்த எஞ்சினைத் தண்ணிக்குள்ள தள்ளிப்போட்டு வந்திருந்தா” என்று மீன் வெட்டும்போது சொல்வாள். “இவரின்ர தமையன்காரன் அதைக் கடனுக்கு எடுத்துக் குடுக்காமல் விட்டிருந்தா” என்று துணி காயப்போடும்போது சொல்வாள். “காத்து மாறி அடிச்சிருந்தா” என்று செபமாலைக்குப் பிறகும் சொல்வாள். ஒவ்வொரு நாளும் எஞ்சினுக்குப் புதிதாக ஒரு குற்றம் கிடைக்கும். பெடியன்கள் வெளிநாடு போய்ப் பிள்ளைகுட்டிக்காரர் ஆகிவிட்டார்கள், எஞ்சின் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது.

எனக்கு அது பழகிப்போயிருந்தது. பழகிப்போனது என்பதைவிட, காதில் விழாமல் செய்யப் பழகியிருந்தேன் என்பதுதான் சரி. அவள் தொடங்கினால் நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன்.

தம்பியும் புறாக்களும்

காற்றடித்த அந்த நாளுக்குத் திரும்புகிறேன்.

நடந்து நடந்து கால் உளைந்த பிறகு, நஸ்ரீனின் முன்னால் போய் நின்று கத்தினேன். நாளைக்கு இதைத்தான் கேட்பார்கள், நீர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் வாழ்க்கை என்ன ஆவது என்றேன். பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில். குசினியில் அக்காவின் அகப்பைச் சத்தம் நின்றது.

நஸ்ரீன் அழவில்லை. கைப்பையை நிலத்தில் வைத்தாள். அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னாள்.

நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று பேசுவது அவர்கள் மார்க்கத்தில் நல்லதில்லையாம். அந்தச் சொல்லால் சைத்தான் வீட்டுக்குள் வந்துவிடுவான் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். பொதுவாக யாரும் அதை அவ்வளவு கணக்கெடுப்பதில்லை. ஆனால் அவளுடைய தம்பி இம்ரான் கொல்லப்பட்ட செய்தி வந்த அன்று, தாய் தொலைபேசியில் முதலில் சொன்னது அதைத்தான். இனி இந்த வீட்டில் எவரும் ‘இருந்திருந்தால்’ என்று வாயெடுக்கக் கூடாது. எடுத்தால் நான் பைத்தியமாகிவிடுவேன் என்றாராம்.

அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் எடுக்கவில்லை. தாயும் மௌத்தாகிவிட்டார். சொல் மட்டும் நிற்கிறது.

எனக்கு இரக்கம் வந்தது உண்மைதான். ஆனால் கோபமும் கூடவே நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும், ஒரு அறைக்குள் மட்டும் சொன்னால் என்ன என்று கேட்டேன். உம்முடைய ஆண்டவர் பொறுக்க மாட்டாரா என்றேன்.

“ஏலாது ரீச்சர்,” என்றாள். “அது நடக்காத கதை. நான் நடக்காத கதை சொன்னால், அழுது விழுந்திடுவன். பிறகு ஒண்டும் சொல்ல ஏலாது.”

எழும்பிப் போய்விட்டாள். படலை வரை போனவள் திரும்பிவந்து, பிள்ளைகளுக்கென்று அக்கா சுற்றிவைத்திருந்த பாலைப்பழத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

நான் அன்று முழுக்க ஓரிடத்தில் இருக்கவில்லை. மறுநாள் அதைவிட மோசம். காலையில் கிணற்றடியைக் கழுவினேன். கழுவிய இடத்தில் காற்று மண்ணைக் கொட்டியது. பகல் ஒரு மணிக்கு உள்ளே கூப்பிட்டிருப்பார்களா, இரண்டு மணிக்குக் கூப்பிட்டிருப்பார்களா என்று கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நாற்பது வருடம் பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தவள் நான். இந்த ஒருத்திக்காகக் கழுவிய கிணற்றடியையே திரும்பவும் கழுவினேன்.

அக்கா ஒரு தரம், “அவா சொல்லியிருப்பாவோ?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

கொழும்பில் சொன்ன பதில்

அடுத்த நாள் பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கி நஸ்ரீன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். ரஃபீக்கும் பிள்ளைகளும் முகாமுக்குப் போய்விட்டார்கள். முகம் கறுத்திருந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசற்படியில் கீரைக் கட்டோடு குந்திக்கொண்டாள்.

அதிகாரி ஒரு பெண்ணாம், தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்தாளாம். எல்லாம் ஒழுங்காகப் போனதாம். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“நீர் என்ன சொன்னனீர்?” என்று கேட்டேன். நான் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

“நான் சொன்னன், மேடம், எங்கட வீட்டில இந்தச் சொல் இல்லை,” என்றாள் நஸ்ரீன். “நான் போனன். என்ர தம்பி நிண்டவன். தம்பிக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுறன், எழுதுங்கோ.”

அதை அவள் ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறாள். சின்னச் சின்ன வசனங்களில், எல்லாம் இறந்தகாலத்தில். அக்காவுக்கும் விளங்க வேண்டுமென்று எங்களுக்கு அவற்றைத் தன்னுடைய சந்தைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். எல்லாரும் வெளிக்கிட்ட இரவில் இம்ரான் வரவில்லை. மொட்டைமாடியில் அவன் புறா வளர்த்தான். புறாக்களை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றான். அக்காமார் ஏசினார்கள், அவன் சிரித்தான். விடிய ஆட்கள் வந்தார்கள். மாடிப்படியில் வைத்து அடித்தார்கள். கூட்டுக்கும் தீ வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் அவனை அடக்கம் செய்தார்.

புறாவுக்காக நின்றான் என்பதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லையாம். சொன்னால் விசரன் என்று நினைப்பார்கள் என்று வெட்கமாம். அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, இம்ரானின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாளாம். முடிவில் பதிந்ததை வாசித்துக் காட்டியபோது, ‘உறவினர்’ போய்விட்டிருந்தது. ‘என் தம்பி’ என்று இருந்தது.

“சரியாச் சொன்னனானோ ரீச்சர்?” என்று கேட்டாள்.

நான் பாடமாக்க வைத்த ஒரு வசனத்தைக்கூட அவள் அங்கே பாவிக்கவில்லை. சரியாகத்தான் சொன்னீர் என்றேன்.

பதில் வருவதற்குள் மாரி தொடங்கி முடிந்துவிட்டது. போகலாம் என்றுதான் வந்தது. இப்போது பனி கொட்டுகிற ஊரொன்றிலிருந்து எனக்குக் குரற்பதிவுகள் அனுப்புகிறாள், ‘இஃப்’புக்குப் பின்னால் இன்னும் ‘வில்’ போடுகிறாள். அது இருக்கட்டும். நான் எழுத வந்தது அன்று பின்னேரம், அவள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு நடந்ததை.

எந்தக் கிணறு?

அக்கா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

“இவர் அந்த எஞ்சினை விட்டிட்டு” என்று தொடங்கினாள். வழக்கம்போல நான் முற்றத்தில் கால் வைத்தேன். அவள் வசனத்தை முடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அந்த வசனத்தை முடிக்காமல் விட்டதே இல்லை, அதனால் திரும்பிப் பார்த்தேன்.

“றீற்றா,” என்றாள். “இவர் வந்தவர்.”

ஆர் வந்தது என்று கேட்டேன். எனக்கு விளங்கவில்லை.

“எஞ்சினோட வந்தவர். தோளில வைச்சுக்கொண்டு வந்து எங்களிட்டச் சேந்திட்டார். ஒண்டும் நடக்கேல்ல அவருக்கு. களைச்சுப்போய் இருந்தவர்.” கீரைத் தண்டை விரலால் முறித்து முறித்துப் போட்டாள். “பெடியள் தண்ணி கேட்டு அழுதுகொண்டு நிண்டவங்கள். நான்தான் தண்ணிக் கானைக் குடுத்து, கிணத்தடிக்குப் போட்டு வாங்கோ எண்டனான். இருந்த மனிசனை எழுப்பி விட்டனான். அங்கதான் செல் விழுந்தது.”

அவரைக் கொண்டுபோனது எஞ்சின் இல்லை. இத்தனை வருடமும் எஞ்சினே இல்லை. எல்லாக் குற்றத்தையும் அதன் தலையில் சுமத்திவிட்டு, அதன் பின்னால் அவள் அந்தக் கானோடு நின்றிருக்கிறாள். பெடியன்களுக்கும் தெரியாது. கூடப்பிறந்த எனக்கும் தெரியாது.

ஆறுதல் சொல்ல வாய் வந்தது. நீ அனுப்பாமல் இருந்திருந்தாலும் அக்கா, என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆறுதலும் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அதை அப்படியே விழுங்கினேன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய்ப் படியில் இருந்தேன்.

“எந்தக் கிணறு, அக்கா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். யாருடைய தென்னங்காணி அது, கிணற்றுக்குக் கட்டு இருந்ததா இல்லையா, கான் என்ன நிறம், அவர் போகும்போது திரும்பிப் பார்த்து என்ன கேட்டார், அவரை எந்த வேலியோரம் எதனால் மூடிவிட்டு வந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். காற்று மறுபடி கிளம்பி, கூட்டி வைத்த சருகையெல்லாம் விறாந்தைக்குள் கொண்டுவந்து கொட்டியது. நான் எழும்பவில்லை.